புது வீட்டில் யூஎஸ்பி சாக்கெட்: எட்டு இடத்தில் தேவையா?

கேள்வி: மதுரையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவரில் காடி வெட்டி பைப் பதித்தாகிவிட்டது, அடுத்து பூச்சு வேலை. எட்டு இடங்களில் யூஎஸ்பி சார்ஜிங் போர்ட் வைத்த சாக்கெட் போட்டுவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். ஒன்றுக்கு 1,500 ரூபாய் கூடுதலாகும். மகன் வேண்டும் என்கிறான், கணவர் வீண் செலவு என்கிறார். வீட்டுக் கடன் 8.5 சதவீத வட்டி, 20 வருடத் தவணை. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை

பதில்: எட்டு வேண்டாம். ஒன்று போடுங்கள், மனம் கேட்காவிட்டால் இரண்டு. மிச்சப் பணத்துக்கு அதே சுவரில் இதைவிட நல்ல வேலை இருக்கிறது.

முதலில் கணக்கு. எட்டுக்கு 12,000 ரூபாய். வீடு கட்டும்போது இது பெரிய தொகையாகத் தெரியாது. டைல்ஸ், கதவு, பெயின்ட் என்று லட்சங்களில் பேசிக்கொண்டிருக்கும்போது பன்னிரண்டாயிரம் தானாகக் கடனுக்குள் போய்விடும். ஆனால் 8.5 சதவீதத்தில் 20 வருடத்துக்கு இந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு மட்டும் மாதம் சுமார் 104 ரூபாய் தவணை. 240 மாதம் கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 25,000 ரூபாய் ஆகியிருக்கும். செங்கல், கம்பி, சிமென்ட்டுக்கு இப்படிக் கட்டுவதில் நியாயம் இருக்கிறது, அவை தவணையைத் தாண்டியும் நிற்கும். யூஎஸ்பி சாக்கெட் அப்படி நிற்காது.

சாதாரண சாக்கெட் என்பது பித்தளைத் தகடும் பிளாஸ்டிக்கும்தான். நல்ல கம்பெனிப் பொருளாக இருந்தால் இருபது வருடம் கூட உழைக்கும். யூஎஸ்பி சாக்கெட்டுக்குள் இருப்பதோ ஒரு முழு சார்ஜர்: 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் சர்க்யூட், கெப்பாசிட்டர் எல்லாம். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஏரியாவில் முதலில் அடி வாங்குவது இதுதான். வெளியில் மாட்டும் சார்ஜர் போனால் கடைக்குப் போய் வேறு வாங்கி வந்துவிடலாம். சுவரில் இருப்பது போனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும், அதே கம்பெனியில் அதே மாடல் வரிசையில் பொருள் தேட வேண்டும். அந்த வரிசையையே கம்பெனி நிறுத்தியிருந்தால், அந்த இடத்தை டம்மி என்கிற வெற்று மூடி போட்டு மூட வேண்டியதாகிவிடும்.

அடுத்து, எலக்ட்ரீஷியன் காட்டும் மாடலைக் கையில் வாங்கி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ‘அவுட்புட்’ வரியைப் படியுங்கள். 5 வோல்ட், 2.1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: பத்தரை வாட். இரண்டு போர்ட் இருந்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த அளவு. இன்றைய போன்களில் சாதாரணமாக இருக்கும் 5,000 எம்ஏஎச் பேட்டரியை இதில் நிரப்ப இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு போன் சேர்ந்தால் இன்னும் இழுக்கும். உங்கள் மகனிடம் வேகமாக சார்ஜ் ஆகும் போன் இருந்தால், சில நாளிலேயே அந்தப் போர்ட்டை விட்டுவிட்டு பெட்டியோடு வந்த சார்ஜரைத்தான் மாட்டுவான். லேப்டாப்புக்கு 45, 65 வாட் வேண்டும். இந்த விலையில் சுவர் போர்ட்டில் அதை எதிர்பார்க்க முடியாது.

போர்ட்டின் வடிவமும் மாறிவிட்டது. ஆப்பிளே 2023இல் ஐபோன் 15 முதல் டைப்-சிக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. அப்படியிருக்க, பழைய அகலமான டைப்-ஏ போர்ட் மட்டும் உள்ள மாடலை இப்போது சுவரில் பதிப்பது சரியல்ல.

சரி, அந்த ஒன்றை எங்கே போடலாம்? உங்கள் மாமியாரின் கட்டில் பக்கம். குனிந்து பிளக் பாயிண்டைத் தேடாமல், சார்ஜரை எங்கே வைத்தோம் என்று அலையாமல், தலைமாட்டிலேயே ஒயரைச் செருகிக்கொள்ளலாம். இரவு முழுக்க மெதுவாக ஏறினால் போதும், வேகம் அங்கே முக்கியமில்லை. வயதானவர்களுக்கு இது உண்மையிலேயே உபகாரம். இந்த ஒரு 1,500 ரூபாயை யோசிக்காமல் செலவு செய்யுங்கள். இரண்டாவது வேண்டுமானால் ஹாலில், விருந்தாளிகள் போன் வைக்கும் இடத்தில்.

இரண்டு போட்டாலும் மீதமாகும் 9,000 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். பூச்சு இன்னும் ஆகவில்லை என்பது உங்களுக்குப் பெரிய வசதி. கட்டிலின் இரண்டு பக்கமும், படிக்கும் மேசை அருகிலும், டிவி பின்னாலும், சமையலறை மேடையிலும் 6 ஆம்பியர் சாக்கெட் ஒன்றிரண்டு கூடுதலாகக் கேளுங்கள். சாக்கெட்டும் சுவிட்சும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பூச்சும் பெயின்ட்டும் முடிந்தபின் இதையே கேட்டால், மறுபடி காடி வெட்டி, பூசி, பெயின்ட் அடிக்கும் செலவு தலையில் விழும். பாயிண்ட் போதாமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் இழுத்துப் போட்டிருக்கும் வீடுகள்தான் அதிகம். அப்புறம், மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஷாக் அடிக்கும்போது உயிரைக் காப்பது அதுதான். இல்லையென்றால் இந்தப் பணத்தில் முதல் செலவு அதற்கே.

கரண்ட் பில்லைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள். போன் மாட்டாமல் சும்மா இருக்கும் ஒரு நல்ல சார்ஜர் சுமார் 0.1 வாட் எடுக்கும்; வருடம் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. ஆனாலும் அந்த யூஎஸ்பி போர்ட்டைத் தனி சுவிட்ச் வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பில்லுக்காக அல்ல. இடி மின்னல் நேரத்தில் அணைத்து வைத்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

மகனுக்கு டைப்-சி உள்ள நல்ல சார்ஜர் ஒன்றை பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை பார்த்து வாங்கிக் கொடுங்கள். ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள் 25, 30 வாட்டில் கிடைக்கும். ஹாஸ்டலுக்குப் போனாலும் எடுத்துப் போகலாம். மாமியார் அறைக்கு வாங்கும் யூஎஸ்பி சாக்கெட்டுக்கு எத்தனை வருட வாரன்டி என்று கேட்டு, எலக்ட்ரீஷியன் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரில் கடை பில் வாங்கிக்கொள்ளுங்கள். பில் இல்லாவிட்டால் வாரன்டியில் மாற்றித் தர மாட்டார்கள்.