வானத்தில் கருநீலப் பட்டை: ஒளிப்படக் கேள்வி பதில்

கேள்வி: என் 16-35 மி.மீ. லென்ஸுக்குப் போலரைசர் ஃபில்டர் வாங்கினேன். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் மாலை ஐந்தரை மணியளவில் தெற்கே கடலைப் பார்த்து 16 மி.மீ.யில் எடுத்த படங்களில், வானத்தின் நடுவே மட்டும் கருநீலப் பட்டை விழுந்து, இருபுறமும் வெளிறியிருக்கிறது. ஃபில்டரில் குறையா? கடையில் மாற்றித் தரக் கேட்கலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: மாற்ற வேண்டியதில்லை, ஃபில்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, அதாவது முனைவாக்கம் பெற்ற ஒளியைத் தடுத்து வானத்தைக் கருநீலமாக்குவதே போலரைசரின் வேலை. ஆனால் நீல வானத்தின் ஒளி எல்லாத் திசையிலும் ஒரே அளவில் முனைவாக்கம் பெறுவதில்லை. சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பகுதியில் அது உச்சத்தை எட்டி, சூரியன் இருக்கும் பக்கமும் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் போகப் போகக் குறைந்துவிடுகிறது. ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ. உணரி கொண்ட) கேமராவில் 16 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாக ஏறத்தாழ 97 பாகையை உள்ளடக்குவதால், அந்த உச்சமும் சரிவும் ஒரே படத்துக்குள் வந்துவிடுகின்றன. சூரியன் மேற்கே இருக்க நீங்கள் தெற்கே பார்த்து நின்றதால், பட்டை நடுவில் விழுந்தது. அது மேலே போகப் போகச் சற்றே இடப்புறம் சாய்ந்திருக்கும்; சூரியன் இன்னும் அடிவானத்துக்கு இறங்கவில்லை என்பதே காரணம்.

நம் சிங்கப்பூரில் பகல் ஒரு மணியளவில் சூரியன் உச்சியை நெருங்கிவிடுவதால், பட்டை அடிவானத்தை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இடவல வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. அந்த வெயிலில் யார் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவது என்பது வேறு விஷயம்.

வானம்தான் முக்கியமென்றால் பார்வைக் கோணம் குறுகும்படி 28 மி.மீ. அல்லது அதற்கு மேல் வைத்து எடுங்கள், 16 மி.மீ.தான் வேண்டுமென்றால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். வளையத்தைத் திருப்பி விளைவைக் குறைக்கலாம் என்றாலும், பட்டை மங்குமே தவிர மறையாது. கணினியில் பின்னர் சமன்செய்வது, குறிப்பாக மேகங்கள் இருந்தால், பெரும்பாடு.

வானம் அதிகம் வராத காட்சிகளே இந்த ஃபில்டருக்கு உகந்தவை என்பது என் கருத்து. மழை விட்டதும் பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவுக்குப் போய், ஈர இலைகளுக்கு எதிரே வளையத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள். இலைமேல் படிந்த வெள்ளைப் பளபளப்பு விலகி, அடியிலுள்ள பச்சை தெளிவாகத் தெரியும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (அதாவது பாதி முதல் கால் பங்காக) ஒளி குறையுமாதலால், மரநிழலில் கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: ஃபில்டர் போட்டதும் படத்தின் நான்கு மூலைகளும் கறுப்பது ஏன்?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: வளையத்தின் தடிமன்தான் காரணம். லென்ஸைப் பாதுகாக்க மாட்டும் யுவி ஃபில்டரின் மேல் இதை மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அப்படியும் கறுத்தால் மெல்லிய வளையமுள்ள ஃபில்டர் வேண்டும். அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) எஃப்/11க்குச் சுருக்கி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்: வளையம்தான் மறைக்கிறதென்றால், அபெர்ச்சரைச் சுருக்கியும் மூலை இருட்டு போகாமல், அதன் விளிம்பு இன்னும் கூர்மையாகத் தெரியும்.