டௌரோ நதிக் கப்பல் பயணம்: வைப்புத்தொகையை உடைத்துக் கட்டலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். மாதச் செலவு சுமார் 1,500 யூரோ. ஓய்வூதியம் அதற்குப் போதுமானது. சேமிப்புக் கணக்கில் 9,000 யூரோவும், வரும் மார்ச் இறுதியில் முதிர்வடையும் வைப்புத்தொகையில் 20,000 யூரோவும் இருக்கின்றன. அடுத்த ஆண்டு செப்டம்பர் இறுதியில், திராட்சை அறுவடைக் காலத்தில், போர்ச்சுகலின் டௌரோ நதியில் சிறிய கப்பலில் ஏழு இரவுப் பயணம் செல்ல நீண்ட நாள் ஆசை. கீழ்த்தள அறைக்கு ஒருவருக்கு 3,400 யூரோ கேட்கிறார்கள். இந்த அக்டோபர் மாத இறுதிக்குள் முழுத் தொகையையும் கட்டினால் ஒருவருக்கு 150 யூரோ தள்ளுபடி. இல்லையென்றால் இப்போது 20 சதவீதமும், மீதியைப் புறப்பாட்டுக்கு 90 நாள் முன்பும் கட்டலாம். பத்து மாத ‘வட்டியில்லா’ தவணையும் உண்டு, அதற்குச் செயலாக்கக் கட்டணம் 4 சதவீதம். வைப்புத்தொகையை இப்போதே உடைத்தால் எங்களுக்கு 220 யூரோ வட்டி நஷ்டமாகும். எப்படிக் கட்டுவது? பயணத்தின்போது வின்டேஜ் போர்ட் ஒயின் பெட்டிகளை வாங்கி வைத்தால் நல்ல முதலீடு என்று விற்பனையாளர் சொல்கிறார், அது சரியா? என் கணவருக்கு முழங்கால் வலி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: நீங்கள் தாராளமாகப் போகலாம். உங்கள் அன்றாடச் செலவை ஓய்வூதியம் தாங்குகிறது, ஆறு மாதச் செலவுக்கு ஈடான 9,000 யூரோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, கடன் எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களிடம் ஆசையைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வைப்புத்தொகையை உடைக்க வேண்டாம், தவணையிலும் சேர வேண்டாம்.

தள்ளுபடியை முதலில் எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் சேர்த்து 300 யூரோ மிச்சமாகிறது என்று விளம்பரம் சொல்கிறது, ஆனால் அதைப் பெறுவதற்கு நீங்கள் 220 யூரோ வட்டியை இழக்கிறீர்கள் என்பதால் உண்மையில் கையில் நிற்பது 80 யூரோ மட்டுமே. அந்த 80 யூரோவுக்காக 6,500 யூரோவைப் பதினொரு மாதங்களுக்கு முன்பே ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கிறீர்கள். இடையில் உடல்நலமோ குடும்பச் சூழலோ மாறினால் அதில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை அவர்களுடைய ரத்து விதிகள்தான் தீர்மானிக்கும். மாறாக, இப்போது 20 சதவீத முன்பணமான 1,360 யூரோவைச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டுங்கள். மீதி 5,440 யூரோ ஜூன் இறுதியில்தான் தேவைப்படும். வைப்புத்தொகையோ மார்ச் இறுதியிலேயே முதிர்ந்து முழு வட்டியோடு வந்துவிடும். தேதிகள் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கும்போது அவசரத்துக்கு இடமே இல்லை. அது முதிர்ந்ததும் முதல் வேலையாக 1,360 யூரோவைச் சேமிப்புக் கணக்கில் திரும்பப் போட்டுவிடுங்கள்.

தவணையைப் பொறுத்தவரை, வட்டியில்லை என்ற சொல்லை நம்ப வேண்டாம். 6,800 யூரோவுக்கு 4 சதவீதம் என்றால் 272 யூரோ. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போவதால் அந்தப் பணம் சராசரியாக ஐந்தரை மாதங்களுக்கு மட்டுமே உங்களிடம் கடனாக இருக்கிறது. ஆகவே அந்தக் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 8.7 சதவீத வட்டிக்குச் சமம். சொந்தப் பணம் வைத்திருப்பவர் இந்த விலையில் கடன் வாங்கக் காரணமே இல்லை.

இனி மொத்தச் செலவைப் பார்ப்போம். 6,800 யூரோ என்பது கப்பலுக்கான கட்டணம் மட்டுமே. விமானத்துக்கு 1,900, ஊழியர்களுக்கான டிப்ஸ் நாளொன்றுக்கு ஒருவருக்கு 12 வீதம் 168, கட்டணத்தில் அடங்காத ஓரிரு சுற்றுலாக்களுக்கு 240, காப்பீட்டுக்கு 260, கப்பல் புறப்படும் போர்ட்டோ நகரில் முந்தைய இரவு தங்க 140, கைச்செலவுக்கு 200 என்று என் மதிப்பீட்டில் எழுதிக் கூட்டினால் 9,708 யூரோ வருகிறது. நீங்கள் மனத்தில் வைத்திருந்த தொகையைவிட ஏறக்குறைய 2,900 யூரோ அதிகம். பயணம் முடிந்த பின்னும் உங்களிடம் சுமார் 19,300 யூரோ இருக்கும் என்பதால் இது உங்களால் தாங்கக்கூடிய செலவுதான். ஆனால் தெரிந்தே செலவிட வேண்டும். முந்தைய இரவுத் தங்கலை ஆடம்பரமாக நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். விமானத்தைத் தனியாக வாங்கியவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. அப்படிக் கப்பலைத் தவறவிட்ட ஒரு தம்பதி எனக்குத் தெரிந்தவர்கள். வாடகைக் கார் பிடித்து இரண்டாம் நாள் மாலையில்தான் கப்பலை எட்டினார்கள்.

எந்த அறை என்ற கேள்வியில் டௌரோவுக்கே உரிய ஒரு செய்தி உங்கள் பணத்தைக் காப்பாற்றும். அந்த நதியில் பயணிகள் கப்பல்கள் இரவில் ஓடுவதில்லை, இருட்டியதும் கரையில் கட்டிவிடுவார்கள். ஆகவே பார்க்க வேண்டிய காட்சி முழுவதும் பகலில்தான் கடந்து செல்கிறது, அந்த நேரத்தில் எல்லோரும் கூடுதல் கட்டணமில்லாத மேல்தளத்தில் இருப்பார்கள். இரவில் கப்பல்களைப் பல இடங்களில் பக்கத்தில் பக்கத்தில் அணைத்துக் கட்டுவதால், அதிக விலை கொடுத்து வாங்கிய பால்கனிக்கு எதிரே இன்னொரு கப்பலின் சன்னல்தான் தெரியும் என்ற நிலையும் வரலாம். பால்கனிக்காகப் பணம் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் உங்கள் கணவரின் முழங்கால் வேறு விஷயம். இத்தகைய சிறிய கப்பல்கள் பலவற்றில் மின்தூக்கி கீழ்த்தளம் வரை இறங்குவதில்லை. உங்கள் கப்பலில் அது எந்தெந்தத் தளங்களில் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கீழ்த்தளத்தில் நிற்கவில்லை என்றால் நடுத்தள அறைக்கு மாறுங்கள்; இந்தப் பயணத்தில் நான் ஒப்புக்கொள்ளும் ஒரே கூடுதல் செலவு அதுதான். கரையிலும் இதே கவனம் வேண்டும். லமேகோ நகரின் ரெமேதியோஸ் அன்னை ஆலயத்துக்கு ஏறும் படிகள் மட்டும் 686. பேருந்து மேலே கொண்டுபோய் விடுமா என்று கேட்டுவிட்டு அந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுங்கள்.

இவ்வளவு தொகைக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் ஒரு நிதி ஆலோசகர் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பணத்தின் மதிப்பு கடைசியில் அங்கேதான் தெரிகிறது. ஸ்பெயினில் பிறந்து போர்ட்டோவில் அட்லாண்டிக்கில் கலக்கும் இந்த நதியில், ஸ்பெயின் எல்லையிலுள்ள பார்கா டி ஆல்வா வரை சுமார் 210 கிலோமீட்டர் தூரத்துக்குக் கப்பல் போகும். நடுவில் ஐந்து அணைகள். ஒவ்வொன்றிலும் ‘லாக்’ எனப்படும் தொட்டிக்குள் கப்பலை நிறுத்தி, தண்ணீரை நிரப்பி மேலே தூக்குவார்கள். கர்ரபடேலோ அணையில் அந்த ஏற்றம் ஏறக்குறைய 35 மீட்டர். நானும் என் மனைவியும் அங்கே மேல்தளத்தில் நின்றிருந்தபோது, இருபுறமும் கையெட்டும் தூரத்தில் பாசி படிந்த ஈரச் சுவர்கள் எழுந்து வெளிச்சத்தையே மறைத்துவிட்டன. பிறகு கப்பல் அசைவதே தெரியாமல் உயர்ந்து, சுவரின் விளிம்பு கண்மட்டத்துக்கு வந்து, அதற்கப்பால் மலைச்சரிவு முழுவதும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள் விரிந்தன. வலெய்ராவின் குறுகிய பள்ளத்தாக்கில் அமைதியாகக் கிடக்கும் தண்ணீர், அணைகளுக்கு முன்பு படகுகளை விழுங்கிய நீர்ச்சுழல் இருந்த இடம். இந்த நதியை வரைபடமாக்கிய ஒயின் வணிகர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் 1861ஆம் ஆண்டு அங்கேதான் படகு கவிழ்ந்து இறந்தார். போர்ட் ஒயின் என்ற பெயரைக் காப்பதற்காக 1756இல் போர்ச்சுகல் அரசின் அமைச்சராக இருந்த மார்க்கேஸ் டி பொம்பால் இந்தப் பள்ளத்தாக்குக்கு எல்லை வகுத்து, கருங்கல் தூண்களை நடச் செய்தார். அவற்றில் சிலவற்றை இன்றும் தோட்டங்களில் காணலாம். யுனெஸ்கோ 2001இல் இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுவடை வாரங்களுக்குக் கட்டணம் உயர்ந்திருக்கும், ஆனால் அறுவடை எப்போது தொடங்கும் என்பதை அந்த ஆண்டின் வெயிலும் மழையும்தான் முடிவு செய்கின்றன; வெப்பம் மிகுந்த மேல் பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடும் ஆண்டுகளும் உண்டு. பதினொரு மாதம் முன்பே தேதி குறித்துவிட்டு, திராட்சை கொய்வதைக் கட்டாயம் பார்ப்போம் என்று எண்ண முடியாது. அதுதான் உங்கள் ஆசையின் மையம் என்றால் செப்டம்பரையே வைத்துக்கொள்ளுங்கள், மனமுவந்து கூடுதல் விலையைக் கொடுங்கள். இல்லையென்றால் இதே கப்பலின் மே மாதக் கட்டணத்தைக் கேட்டுப் பாருங்கள். அப்போது மீதித் தொகை பிப்ரவரியிலேயே தேவைப்படும், வைப்புத்தொகை கைக்கு வந்திருக்காது என்பதால் மே கடைசியைத் தேர்ந்தாலும் தேதிகளை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் வேண்டவே வேண்டாம். அந்தப் பள்ளத்தாக்கில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே இயல்பு.

நதிப் பயணத்தில் தண்ணீரின் அளவும் ஒரு நிதி இடர்தான். ரைன் நதியில் 2018லும் 2022லும் கோடையில் நீர் வற்றியபோது கப்பல் போக்குவரத்து பெரிதும் பாதிக்கப்பட்டது. டௌரோவில் அணைகள் நீரைத் தேக்கி வைப்பதால் வறட்சி அந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை. அங்கே பிரச்சினை குளிர்காலத்திலும் முன்வசந்தத்திலும் வரும் வெள்ளப்பெருக்கு. அதனால் செப்டம்பர் இறுதி ஒப்பீட்டளவில் பாதுகாப்பான தேர்வு. எனினும் எந்தக் காரணத்தால் கப்பல் நின்றாலும், பேருந்திலும் விடுதியிலும் பயணத்தைத் தொடரும் உரிமையை நிறுவனங்கள் பொதுவாக ஒப்பந்தத்தில் தங்களுக்கே வைத்துக்கொள்கின்றன. அப்படி மாற்றினால் எவ்வளவு தொகையைத் திருப்பித் தருவார்கள் என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பு தேடிப் பாருங்கள்.

உங்கள் கப்பல் பயணம் போல, ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் தொகுப்புப் பயணங்களுக்கு 2018 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள விதிகள் உங்களுக்குப் பெரிய அரண். ஏற்பாட்டாளர் திவாலானால் பயணிகளின் பணத்தைத் திருப்பித் தர அவர் முன்கூட்டியே உத்தரவாதம் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இடமிருந்தால் மட்டுமே, அதுவும் எரிபொருள், வரி, நாணய மாற்று விகிதம் ஆகிய காரணங்களுக்காகவே விலையை உயர்த்தலாம். உயர்வு 8 சதவீதத்தைத் தாண்டினால் நீங்கள் அபராதமின்றி விலகிக்கொள்ளலாம். புறப்பாட்டுக்கு முந்தைய 20 நாட்களில் உயர்த்தவே முடியாது. உங்களுக்கு விற்பவர் ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர் என்றால் இந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். திவால் உத்தரவாதம் யாரிடம் இருக்கிறது என்று பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் முன்பணமும் கட்ட வேண்டாம்.

பயணக் காப்பீட்டை முன்பணம் கட்டும் அதே நாளில் எடுங்கள். புறப்படும் வாரத்தில் எடுத்தால், அதற்கு முந்தைய பத்து மாதங்களில் நேரக்கூடிய ரத்துக்கு எந்த ஈடும் இருக்காது. முழங்கால் வலியை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். கட்டணம் சற்று ஏறலாம், ஆனால் மறைத்த நோயின் காரணமாகக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் இழப்பு முழுவதும் உங்களுடையது. கப்பலுக்கு வெளியே அட்டையில் பணம் செலுத்தும்போது, உங்கள் அட்டை வேறு நாணயத்தில் இருந்து, அந்த நாணயத்திலா யூரோவிலா என்று இயந்திரம் கேட்டால், யூரோவையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் பாதகமாகவே இருக்கும்.

கடைசியாக, போர்ட் ஒயின். திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சேர்த்து நொதிப்பை நிறுத்துவதால், இனிப்பும் வீரியமும் ஒன்றாக நிலைபெறுகின்றன. ஆகவே அது நீண்ட காலம் தாங்கும் என்பது உண்மைதான். வின்டேஜ் வகையை நல்ல விளைச்சல் ஆண்டுகளில் மட்டுமே அறிவிப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் பாட்டிலில் அடைத்துவிட, அது பாட்டிலுக்குள்ளேயே பல பத்தாண்டுகள் முதிரும். விற்பனையாளர் சொல்லாமல் விட்டது இதுதான்: அந்தப் பத்தாண்டுகள் முழுவதும் சீரான குளிர்ச்சியில், இருட்டில் அதை வைத்திருக்க வேண்டும், கப்பலேற்றும் செலவு, சுங்கம், காப்பகக் கட்டணம், விற்கும்போது ஏலக் கழிவு எல்லாம் உங்களுடையவை, வட்டியோ ஈவுத்தொகையோ ஒரு நாளும் வராது. ஓய்வுக்காலப் பணத்தை அதில் போடாதீர்கள். வயது குறிப்பிட்ட ‘டானி’ என்ற இன்னொரு போர்ட் வகையிலோ முதிர்ச்சி மரப்பீப்பாயிலேயே முடிந்துவிடுகிறது, பாட்டிலில் அடைத்த பிறகு காத்திருப்பதால் பயனில்லை. திறந்தால் ஓரிரு நாளில் முடிக்க வேண்டிய வின்டேஜைப் போலன்றி, அது திறந்த பிறகும் சில வாரங்கள் கெடாமல் இருக்கும். நான் போர்ட்டோவின் எதிர்க்கரையிலுள்ள காயா நகரின் ஒயின் கிடங்கு ஒன்றிலிருந்து இருபது ஆண்டு டானி ஒரே ஒரு பாட்டில் கொண்டுவந்தேன். நீங்களும் கைச்செலவுக்கு ஒதுக்கிய 200 யூரோவுக்குள் அப்படி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.