ஹக்குட்டோ-ஆர் ஏன் விழுந்தது? கேள்வி பதில்

ஐஸ்பேஸ் என்ற டோக்கியோ நிறுவனத்தின் ஹக்குட்டோ-ஆர் கலம் 2023 ஏப்ரல் 26 அன்று, ஜப்பான் நேரப்படி அதிகாலை 1.40-க்கு, நிலவின் அட்லஸ் பெருங்குழிக்குள் இறங்கியிருக்க வேண்டும். விழுந்து நொறுங்கியது. என் வேலை வழிநடத்தல் மென்பொருள். அதை ஒட்டிய கேள்விகளைக் கேளுங்கள்.

மாலதி: சார், கடைசி நிமிடங்களில் என்னதான் நடந்தது?

கலத்துக்குத் தன் உயரம் இரண்டு வழிகளில் தெரியும். ஒன்று, தன் அசைவுகளைக் கூட்டிக் கழித்து அதுவே போடும் கணக்கு. மற்றொன்று, கீழே உள்ள தரைவரை நேரடியாக அளக்கும் உயரமானி. அட்லஸை நெருங்கும்போது கலம் பெருங்குழியின் விளிம்பைத் தாண்டியது. அங்கே தரை ஒரே வீச்சில் சுமார் 3 கி.மீ. கீழே போகிறது. உயரமானி அதைச் சரியாகவே அளந்து சொன்னது. ஆனால் கலம் போட்டு வைத்திருந்த கணக்குக்கும் இந்த அளவுக்கும் இடையே அவ்வளவு பெரிய வித்தியாசம் வரும் என்று மென்பொருளுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. உயரமானி பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டி, அது தந்த அளவை ஒதுக்கிவிட்டது. இருட்டில் கம்பு ஊன்றி நடப்பவர், கம்பு தரையைத் தொடாவிட்டால் பள்ளம் என்று நிற்பார். இது கம்பு உடைந்துவிட்டதென்று வீசிவிட்டு நடந்தது.

அதற்குப் பிறகு தன் கணக்கை மட்டும் நம்பி இறங்கியது. கணக்கில் உயரம் சைபர் ஆனபோது உண்மையில் அது சுமார் 5 கி.மீ. மேலே இருந்தது. தரை இதோ வந்துவிடும் என்று மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது, எரிபொருள் தீரும் வரை. பிறகு கல் மாதிரி விழுந்தது. 5 கி.மீ. என்றே வைத்துக்கொண்டால், நிலவின் ஈர்ப்பில் 80 வினாடி போல விழுந்து, மணிக்கு 450 கி.மீ. வேகத்தில் மோதியிருக்கும்.

ராஜேஷ்: ஆனால் நேரலையில் அது பத்திரமாக இறங்குவதைப் பார்த்தேனே?

நீங்கள் பார்த்தது கணினி வரைகலை. நிலவிலிருந்து வந்த படம் இல்லை. எந்த நாட்டுத் தரையிறக்கமானாலும் திரையில் ஓடும் பொம்மையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பிரியா: பாராசூட் வைத்திருந்தால்?

நிலவில் காற்று இல்லை.

அன்வர்: பூமியிலிருந்து யாராவது கையில் எடுத்து ஓட்டியிருக்கலாமே அண்ணா?

சிக்னல் போய் வர சுமார் 2.6 வினாடி ஆகும். தவிர, தரைக்கட்டுப்பாட்டுக்கும் அந்தக் கலம் சொன்ன உயரம்தான் தெரியும்.

செல்வம்: நானும் மென்பொருள்காரன்தான். சரியான அளவைத் தூக்கிப்போட்ட கோட் தப்பான கோட். சுற்றி வளைக்காமல் பிழை என்று சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். சந்தேகமான அளவை ஒதுக்கும் அந்த வடிகட்டி ஒரு காரணத்தோடுதான் வைக்கப்பட்டது: உயரமானி நிஜமாகவே கெட்டு, கண்டபடி எண்களைத் துப்பினால் கலம் தடுமாறக் கூடாது. உணர்கருவிகள் கெடுவது கற்பனை இல்லை. 2019 ஏப்ரலில் இஸ்ரேலின் பெரெஷீட் கலம் நிலவில் இறங்கும்போது அசைவை அளக்கும் கருவியில் தொடங்கிய சிக்கல்தான் இன்ஜினை அணைத்து, கலத்தையே முடித்தது. வடிகட்டி இல்லாமல் நீங்கள் எழுதிய கலத்தில் நான் ஏற மாட்டேன்.

செல்வம்: அப்படியானால் எவ்வளவு வித்தியாசம் வரை நம்பலாம் என்ற வரம்பைக் கூட்டி வைத்திருக்கலாம்.

எவ்வளவு கூட்ட? அதைச் சொல்ல வேண்டியது நிலப்பரப்பு. இங்கேதான் விஷயமே இருக்கிறது. முதலில் அவர்கள் குறித்திருந்த இடம் லாக்கஸ் சோம்னியோரம், சமவெளி. 2021 பிப்ரவரியில் வடிவமைப்பின் முக்கிய ஆய்வு முடிந்த பிறகு இடத்தை அட்லஸுக்கு மாற்றினார்கள். சிமுலேஷன் ஏராளமாக ஓட்டினார்கள், ஆனால் போகும் வழியில் இருந்த விளிம்பை அவை சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. நிறுவனமே பின்னால் இதை ஒத்துக்கொண்டது. நீங்கள் கோட்டைத் திருத்தச் சொல்கிறீர்கள். நான் இடத்தை மாற்றியவர்களிடம் கேட்கிறேன்: மாற்றிய அன்றே சோதனைகளை ஏன் ஆரம்பத்திலிருந்து ஓட்டவில்லை?

கீதா: செல்வம் சார் சொல்வதும் சரிதானே? ஒருமுறை ஒதுக்கினாலும், அளவு தொடர்ந்து ஒரே சீராக வந்தால் திரும்ப நம்பலாமே.

இது நல்ல கேள்வி. நம்பலாம், அப்படி எழுதவும் முடியும். கெட்ட கருவி பெரும்பாலும் தாறுமாறாகத்தான் உளறும். மலைவிளிம்பு ஒரே ஒரு தாவல் தாவிவிட்டு நிலையாக நிற்கும். ஆனால் கெட்ட கருவி ஒரே பொய்யை நிலையாகச் சொல்லும் நாளும் உண்டு. அதனால் இதற்கும் அந்த நிலப்பரப்பில் ஓட்டிப் பார்ப்பதுதான் மருந்து. செல்வம், இதை உங்கள் வெற்றியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செல்வம்: எடுத்துக்கொண்டேன்.

முருகன்: பாராசூட் ஏன் வைக்கவில்லை?

பிரியாவுக்குச் சொன்ன பதில்.

தேவி: உள்ளே என்னென்ன போயின?

அமீரகத்தின் 10 கிலோ ரஷீத் ரோவர். ஜப்பான் விண்வெளி நிறுவனமும் பொம்மை நிறுவனமான டாக்கரா டோமியும் சேர்ந்து செய்த, உருண்டையாக இருந்து விரியும் சோரா-க்யூ. சோரா-க்யூவின் உடன்பிறப்பு 2024 ஜனவரியில் ஜப்பானின் ஸ்லிம் கலத்தோடு நிலவில் இறங்கி, தலைகுப்புற நின்ற ஸ்லிமைப் படம் பிடித்தது. ரஷீதுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பாஸ்கர்: நிலவுக்குப் போக நாலரை மாதமா? அப்பல்லோ நாலு நாளில் போனதே.

எரிபொருளை மிச்சப்படுத்த. 2022 டிசம்பர் 11 அன்று கிளம்பி, பூமியிலிருந்து சுமார் 14 லட்சம் கி.மீ. வரை விலகிப் போய், சூரியனின் ஈர்ப்பையும் துணைக்கு வைத்துக்கொண்டு திரும்பி வந்தது. இதைப் பற்றித் தனியாகப் பேச ஆசை, நேரமில்லை.

ஹரி: பங்கு விலை என்ன ஆனது? இப்போது வாங்கலாமா?

தரையிறக்கத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் டோக்கியோ சந்தையில் பட்டியலிட்டார்கள். மீதியைத் தரகரிடம் கேளுங்கள்.

நசீர்: சந்திரயான்-2-இன் விக்ரம் 2019-ல் விழுந்ததும் இதே மாதிரியா?

இல்லை. அங்கே இன்ஜின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட அதிகமாகிப் பிழைகள் சேர்ந்தன. திருத்திக்கொள்ளும் வேகத்துக்கு வரம்பு இருந்தது.

சுதா: நேரலையில் கால்கள் தரையில் பட்டதே, அப்புறம் எப்படி…

வரைகலை. ராஜேஷுக்குச் சொன்னதைப் படியுங்கள். நிஜப் படம் வேண்டுமானால், மறுநாள் நாசாவின் எல்ஆர்ஓ சுற்றுக்கலம் எடுத்தது இருக்கிறது. குறைந்தது நான்கு பெரிய சிதறல்கள் தெரிகின்றன.

கீதா: இரண்டாவது முயற்சியில் இந்தப் பாடத்தைப் பயன்படுத்தினார்களா?

2025 ஜூன் 6, ரெசிலியன்ஸ் கலம், மாரே ஃப்ரிகோரிஸ் சமவெளி. இந்த முறை விளிம்பு இல்லை. லேசர் தூரமானியிடமிருந்து நம்பத்தக்க அளவு வரவே தாமதமானது, அதற்குள் வேகத்தைக் குறைக்க நேரம் போதவில்லை. முதல் கலம் கிடைத்த நல்ல அளவை ஒதுக்கித் தள்ளியது. இதற்கு அளவே நேரத்துக்குக் கிடைக்கவில்லை. இங்கே செல்வத்தின் திருத்தம் எதையும் காப்பாற்றியிருக்காது.