தினமும் ஓர் ஆஃப் குடிக்கிறேன். மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்திவிடலாமா?

உங்கள் கேள்வியில் மூன்று செய்திகள் இருக்கின்றன. பல ஆண்டுகளாகத் தினமும் ஓர் ஆஃப் பிராந்தி குடித்து வருகிறீர்கள். காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்ட பிறகே அது அடங்குகிறது. வரும் கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டு அன்றோடு நிறுத்திவிட நினைக்கிறீர்கள், மனைவியும் துணை நிற்கிறார். இவற்றுள் நடுவில் உள்ள செய்தியை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. காலை நடுக்கம் குடித்தால் அடங்குகிறது என்றால், உங்கள் உடல் மதுவைச் சார்ந்துவிட்டது. அந்த நிலையில் இருப்பவர் தாமாக ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மாலை போடுங்கள், ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, சிகிச்சையோடு நிறுத்திவிட்டு, தெளிந்த உடலோடு போடுங்கள்.

நான் மருத்துவன் அல்லன். என் அண்ணன் இதே நிலையிலிருந்து மீண்டவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அவருக்குச் சிகிச்சை நடந்த நாட்களில் உடனிருந்தேன். அங்கே மருத்துவர்களும் செவிலியர்களும் விளக்கியதையும், அதன் பிறகு தேடிப் படித்ததையும் எழுதுகிறேன்.

மது மூளையின் இயக்கத்தை மந்தப்படுத்தும் பொருள். ஆண்டுக்கணக்கில் தினமும் அது உள்ளே வரும்போது, மூளை அதற்கு ஈடுகட்டத் தன் கிளர்ச்சியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. மதுவைத் திடீரென எடுத்துவிட்டால், கூட்டி வைத்த கிளர்ச்சி மட்டும் அடக்குவாரின்றி எஞ்சி நிற்கிறது. கடைசியாகக் குடித்த ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். அதுவரை வாழ்நாளில் வலிப்பே வராதவருக்கும் வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குக் குழப்பநிலை ஏற்படும். நாளும் இடமும் தெரியாமல் பேசுவார்கள், இல்லாத ஆட்களைப் பார்ப்பார்கள், உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள், காய்ச்சலும் இதயத் துடிப்பும் ஏறும். கிராமங்களில் இதைப் பேய் பிடித்ததாக எண்ணுவது இன்றும் உண்டு. அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை முதலில் மந்திரிக்கத்தான் கூட்டிப்போயிருந்தார்கள். இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகக்கூடும். காலத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள்.

இதற்கு முன் நீங்களாகவே நிறுத்திப் பார்த்து, நடுக்கம் தாங்காமல் மீண்டும் குடித்திருக்கிறீர்களா என்பதை எழுதவில்லை. அப்படி நடந்திருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். இப்படி நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அறிகுறிகள் முன்பைவிடக் கடுமையாவது உண்டு. போன தடவை சமாளித்துவிட்டேன், இந்தத் தடவையும் சமாளிப்பேன் என்ற கணக்கு இங்கே செல்லாது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் குடிப்பவர்களில் பலர் தாம் குடிப்பது குறைவு என்றே நம்புகிறார்கள். நம் கடைகளில் விற்கும் பிராந்தியிலும் விஸ்கியிலும் ரம்மிலும் 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறக்குறைய 61 கிராம் தூய ஆல்கஹால் உள்ளே போகிறது. உங்களுடைய 375 மில்லி ஆஃபில் ஏறக்குறைய 127 கிராம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 120 கிராமுக்கு மேல் குடிப்பவர்களுக்கு மருத்துவ உதவியோடு நிறுத்துவதைப் பரிசீலிக்கச் சொல்கிறது; 240 கிராமைத் தாண்டினாலோ, முன்பு வலிப்பு வந்திருந்தாலோ மருத்துவமனையில் உள்நோயாளியாக வைத்துப் பார்ப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. நீங்கள் முதல் கோட்டைத் தாண்டி நிற்கிறீர்கள். பீருக்கு மாறினால் குறைந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் 41 கிராம் இருக்கிறது. மூன்று பாட்டில் குடித்தால் பழைய கணக்குக்கே வந்துவிடுவீர்கள்.

மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் அச்சம் பாதி குறையும். குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம் போன்ற மாத்திரையை முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். மது செய்துவந்த அடக்கும் வேலையை அந்த மாத்திரை சில நாட்களுக்கு ஏற்றுக்கொள்கிறது. கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம் போன்ற வேறு மாத்திரையைத் தேர்வார்கள். இவற்றை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடக்கூடியவை இவை. கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். சாப்பிடாமல் குடிப்பவர்களுக்கு அது உடலில் வற்றிப்போயிருக்கும். அந்தக் குறை முற்றினால் நடை தள்ளாடும், கண் அசைவு கெடும், நினைவாற்றல் நிரந்தரமாகப் போகவும் கூடும். குடித்துக் களைத்தவருக்கு முதல் வேலையாகக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிச் சிறிய கிளினிக்குகளில் வற்புறுத்தும் குடும்பத்தாரைப் பார்த்திருக்கிறேன். குளுக்கோசுக்கு முன்போ அதனுடனோ தயமின் போக வேண்டும் என்பதை உங்கள் மனைவி நினைவில் வைத்திருப்பது நல்லது.

2020 மார்ச் ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, கேரளத்தில் மது கிடைக்காத தவிப்பில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்க அந்த அரசு உத்தரவிட்டது. மருத்துவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இந்தத் தவிப்புக்கு மருந்து இருக்கும்போது மதுவை ஏன் எழுதித்தர வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் வாதம். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படுகிறது.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும் இருக்கின்றன. எங்கே போவதென்று புரியாவிட்டால் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ அழையுங்கள், இரண்டும் இலவசம். தனியார் மையம் என்றால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மருத்துவர் தினமும் வந்து பார்க்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். அடிப்பதும் அறையில் பூட்டுவதும் சிகிச்சை ஆகாது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மதுவால் வரும் மனநல பாதிப்பையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே நோயாளியின் உரிமைகள் உங்களுக்கும் உண்டு.

மருத்துவரைப் பார்க்கும் வரையிலான நாட்களில் திடீரென நிறுத்த வேண்டாம், அதற்காகக் கூட்டவும் வேண்டாம். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கண் அளவில் ஊற்றாமல் அளவுக் குவளையில் ஊற்றுங்கள். குடிப்பதற்கு முன் சோறோ இட்லியோ சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், வண்டி ஓட்டாதீர்கள். மருத்துவர் உங்களைப் பார்த்துவிட்டு, குடியையே படிப்படியாகக் குறைக்கலாம் என்று சொன்னால், ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காமல், சில நாட்கள் அதே அளவில் நின்று, பிறகு அடுத்த படிக்கு இறங்குவது பாதுகாப்பான வழி. நடுக்கமும் வியர்வையும் கூடினால் இறங்குவதை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். ஆனால் காலை நடுக்கம் வந்துவிட்டவர்கள் அளவாகக் குடித்துக்கொண்டே காலம் தள்ளுவது மிகவும் அரிது என்பதைத்தான் நான் பார்த்த வரையில் சொல்ல முடியும். குறைப்பதை முழுமையாக நிறுத்துவதற்கான படிக்கட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவிக்குச் சில சொற்கள். வீட்டிலிருந்தே சிகிச்சை என்று முடிவானால், முதல் நான்கு நாட்கள் இரவும் பகலும் யாராவது ஒருவர் அவருடன் இருக்க வேண்டும். மாத்திரைகள் உங்கள் கையில் இருக்கட்டும். வலிப்பு வந்தாலோ, பேச்சு குழம்பினாலோ, இல்லாதது கண்ணில் தெரிந்தாலோ, காய்ச்சலும் வாந்தியும் நிற்காவிட்டாலோ 108ஐ அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளை எந்தக் காரணத்தாலும் வாங்காதீர்கள். அவற்றில் என்ன இருக்கிறதென்று வாங்குபவருக்குத் தெரியாது. குடிக்காமல் தடுக்கத் தரப்படும் டைசல்பிராம் என்ற மருந்து உடலில் இருக்கும்போது ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு உயிரே போய்விடும். அந்த மருந்தை, குடிப்பவர் அறிந்து சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டும். அண்ணன் கேட்டுக்கொண்டபடி அண்ணி தினமும் காலையில் அவர் எதிரிலேயே மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். ஒளிவுமறைவில்லாத அந்த ஏற்பாட்டால் இருவருக்கும் நடுவே இருந்த சந்தேகம் குறைந்ததை நான் கண்டேன்.

நடுக்கம் நின்ற பிறகுதான் நெடுநாள் வேலை தொடங்குகிறது. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் ஆகிய மருந்துகள் உள்ளன; கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துவிட்டு எது உங்களுக்குப் பொருந்தும் என்று மருத்துவர் முடிவு செய்வார். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழகத்தின் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப் பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை. மாலை ஆறரை மணி ஆனதும் கால்கள் தாமாகக் கடைப் பக்கம் திரும்பும் அந்த ஒரு மணி நேரத்தை அண்ணன் அந்தக் கூட்டங்களில்தான் கழித்தார். சம்பள நாளன்று பணத்தை மனைவி கணக்கில் போட்டுவிடுவதும், கடை இல்லாத தெரு வழியாக வீடு திரும்புவதும் அங்கே பழைய ஆட்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வழிகள்.

இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால் அன்றே மருத்துவரிடமோ கூட்டத்தில் உள்ள நண்பரிடமோ சொல்லிவிடுங்கள். மாலையைக் கழற்றிவிட்டோம், இனி என்ன இருக்கிறது என்று பழைய அளவுக்குப் போய்விட வேண்டாம். டைசல்பிராம் எடுத்துக்கொண்டிருக்கும்போது குடித்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குடி மறுபடியும் தினசரி ஆகிவிட்டிருந்தால், வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே தனியாக நிறுத்த முயலாமல், முதல் தடவை போன அதே புறநோயாளி பிரிவுக்கு அந்த வாரமே மனைவியுடன் போங்கள்.