ஒலியில் வளருமா பாக்டீரியா? வாசகர் கேள்விகள்

காதுக்குக் கேட்கும் ஒலி பாக்டீரியாவைக் கொல்லுமா?

கொல்லாது. செல்லை உடைப்பது 20 கிலோஹெர்ட்ஸும் அதற்கு மேலும் இயங்கும், காதுக்குக் கேட்காத அல்ட்ராசவுண்ட். அதுவும் கருவியின் முனையைத் திரவத்துக்குள் இறக்கி, குமிழிகள் வெடிக்கும் அளவுக்குச் சக்தி கொடுத்தால்தான்.

8 கிலோஹெர்ட்ஸ், 80 டெசிபல் ஒலியில் ஈ.கோலை பாக்டீரியா கூடுதலாக வளர்கிறதாமே?

ஆய்வகங்களில் வளர்க்கும் கே-12 என்ற ஈ.கோலை வகையில் அப்படி ஒரு முடிவு வெளியாகியிருக்கிறது. ஆனால் அளவை யோசியுங்கள். 80 டெசிபல் என்பது வெறும் 0.2 பாஸ்கல். காற்றிலிருந்து திரவத்துக்குள் போவது ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். திரவத்தில் அந்த ஒலியின் அலைநீளம் சுமார் 19 செ.மீ., பாக்டீரியாவின் நீளமோ 2 மைக்ரான். அலை வரும்போது செல் திரவத்தோடு சேர்ந்தே அசையும். ஆகவே வளர்ச்சி கூடினால் முதலில் வெப்பநிலையைப் பாருங்கள்.

பாட்டு ஒலித்த பெட்டியில் ஓ.டி. (பாக்டீரியாத் திரவத்தின் கலங்கல் அளவு) ஒன்றரை மடங்கு வந்தது. ஒலி தராத ஒப்பீட்டுப் பெட்டியை, அதாவது கண்ட்ரோலை, பக்கத்து அறையில் வைத்தேன். இதை ஆய்வுக் கட்டுரையாக்கலாமா?

கூடாது. மாதத்துக்கு நாலு கடிதமாவது இப்படி வருகிறது. வெப்பநிலையை ஒருவரும் எழுதுவதில்லை! மூடிய பெட்டிக்குள் ஸ்பீக்கர் என்பது ஒரு சிறு அடுப்பு. அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் ஒலியாகும், மற்றதெல்லாம் சூடு. 30 டிகிரியில் வளரும் ஈ.கோலைக்கு 2 டிகிரி கூடினாலே வேகம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். ஐந்து மணி நேரத்தில் ஏழெட்டு முறை இரட்டிக்கும் செல்லுக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கே போதும், எண்ணிக்கை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். உங்கள் ஒன்றரை மடங்கு அங்கேயே வந்துவிட்டது.

இரண்டு பெட்டிகளும் ஒரே அறையில், ஒரே அளவில் இருக்கட்டும். கண்ட்ரோல் பெட்டியில் ஊமை ஸ்பீக்கரோடு, அதே ஆம்ப்ளிஃபயர் சக்தியைத் தின்னும் 8 ஓம் ரெசிஸ்டரையும் வையுங்கள். பாக்டீரியா சேர்க்காத திரவக் குழாய் ஒன்றில் தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பியை) இறக்குங்கள். காற்றின் வெப்பநிலையை அளந்து பயனில்லை. அரை டிகிரி வித்தியாசம் தெரிந்தால் அன்றைய அளவீட்டைத் தூக்கிப் போடுங்கள். மறுமுறை பெட்டிகளை இடம் மாற்றுங்கள்.

அடுத்தது அதிர்வு. ஸ்பீக்கரும் குழாய்களும் ஒரே தட்டில் இருந்தால் திரவம் குலுங்கும், ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும், வளர்ச்சி ஏறும். அது குழாய்களைக் குலுக்கும் ஷேக்கர் கருவி செய்யும் வேலை, ஒலியின் வேலை அல்ல. ஸ்பீக்கரைத் தனியே தொங்கவிட்டு, குழாய்களுக்கு அடியில் தடித்த ஃபோம் போடுங்கள். திரவத்தின் மேற்பரப்பில் விளக்கொளி நடுங்கினால் அதிர்வு இன்னும் போகிறது என்று அர்த்தம்.

ஒரே பெட்டியில் 30 குழாய் வைத்தேன். மாதிரி எண்ணிக்கை 30 தானே?

இல்லை, 1. ஒரு பெட்டி, ஒரு ஸ்பீக்கர், ஒரு நாள். வேறு வேறு நாள்களில் ஐந்தாறு முறையாவது திரும்பச் செய்யுங்கள்.

கைபேசி ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் கொடுக்கலாமா?

அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் வராது. 200, 300 ஹெர்ட்ஸ் என்று அதன் மடங்குகள்தான் கேட்கும். குழாய் நிற்கும் இடத்திலேயே மைக் வைத்து அளந்து பாருங்கள்.

ஓ.டி. 1.8 வரை நேராக ஏறியது, சரியா?

சரியில்லை. 0.4 தாண்டினாலே திரவத்தை நீர்க்கச் செய்து அளக்க வேண்டும். வெப்பநிலையையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.

வீட்டில் கையிலிருந்து பஞ்சால் எடுத்து வளர்க்கட்டுமா?

வேண்டாம். என்ன வளர்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது. ஆய்வகத்தில், தீங்கற்ற கே-12 வகையில் செய்யுங்கள். முடிந்ததும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யாமல் எதையும் கொட்டாதீர்கள்.