காவிரியின் சொந்த மீன் எது, வந்த மீன் எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பவானி கூடுதுறைக்குக் கீழே தூண்டில் போட்டால் பெரும்பாலும் ஜிலேபிதான் மாட்டுகிறது. கெண்டையும் கெளுத்தியும் எங்கே போயின? – வாசகர், பவானி

பதில்: ஜிலேபி என்று நாம் அழைக்கும் மொசாம்பிக் திலாப்பியா, ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது, 1952-ஆம் ஆண்டு குளங்களில் வளர்ப்பதற்காக இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு, பிறகு ஆறுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. நம் சேல்கெண்டையும் வெண்கெண்டையும் முட்டையிடுவதற்குப் புதுவெள்ளத்தை எதிர்பார்த்திருக்கும் இனங்கள். அணைகள் வந்த பிறகு அந்த வெள்ளம் பழைய கணக்கில் வருவதில்லை. ஜிலேபிக்கு வெள்ளமே தேவையில்லை. கரையோரத்து ஆழமில்லாத நீரில் ஆண் மீன் தட்டு போன்ற பள்ளம் பறிக்கிறது. பெண் அதில் இட்ட முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்தே பொரிக்கிறது. தாடை புடைத்த ஒரு பெண் ஜிலேபியைத் தூக்கும்போது அதன் வாயிலிருந்து கடுகளவு குஞ்சுகள் கொட்டுவதைத் தூண்டில்காரர்கள் பலர் பார்த்திருப்பார்கள். தேங்கிய நீரில் ஆண்டுக்குப் பல முறை இப்படிப் பெருகும் மீனோடு, வெள்ளத்துக்குக் காத்திருக்கும் கெண்டை எப்படிப் போட்டியிடும்? பிடித்த ஜிலேபியை மீண்டும் ஆற்றில் விடாமல் குழம்புக்குக் கொண்டுபோங்கள். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கேள்வி: ரோகு, கட்லா, மஹசீர் எல்லாம் இந்திய மீன்கள்தானே? அவற்றையும் வந்த மீன்கள் என்று சொல்வது சரியா? – வாசகர், தருமபுரி

பதில்: மீனுக்கு நாட்டின் எல்லை கணக்கில்லை, ஆற்றுப்படுகைதான் கணக்கு. ரோகு, கட்லா இரண்டும் கங்கைப் படுகையின் மீன்கள். மீன்வளத்தைப் பெருக்குவதற்காகத் தெற்கே கொண்டுவந்து விடப்பட்டவை. அவை இன்று மேட்டூர் நீர்த்தேக்கத்து மீனவர்களின் வருமானத்தில் பங்கு வகிப்பதால் அவற்றைக் குறை சொல்ல யாரும் முன்வருவதில்லை.

மஹசீர் என்னும் பெரிய ஆற்று மீனின் கதைதான் கொஞ்சம் கசப்பானது. காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹசீர் இந்தப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ இருந்தது. எழுபதுகளுக்குப் பின், மஹசீரைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்ல எண்ணத்தோடு, லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அதுவும் மஹசீர்தான், ஆனால் வேறு ஆற்றின் மஹசீர். அதன் விளைவைக் காட்டிக்கொடுத்தவை தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகங்கள். கர்நாடகப் பகுதியிலுள்ள கலிபோரே தூண்டில் முகாமில், பிடித்துவிட்டு விடுவித்த ஒவ்வொரு மீனையும் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் பதிவுகளை ஆராய்ந்தபோது, நீலத்துடுப்பு மீன்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதும், கூன்முதுகு மீன்கள் குறைந்துகொண்டே வந்ததும், எஞ்சியவற்றின் சராசரி எடை மட்டும் கூடியதும் தெரியவந்தன. எடை கூடியதைக் கண்டு மகிழ்வதற்கில்லை. கிழமீன்கள் மட்டும் மிஞ்சி, குஞ்சுகள் வரவில்லை என்பதே அதன் பொருள். 2018-இல்தான் இந்த மீனின் அறிவியல் பெயர் டார் ரெமாதேவியே என்று உறுதிசெய்யப்பட்டது. அதே ஆண்டு அது மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாக, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) பட்டியலில் சேர்ந்தது. பெயர் தெரிவதற்கு முன்பே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்ட மீன் என்று சொன்னால் மிகையாகாது.

வேறுபடுத்த விரும்புவோர் துடுப்புகளின் நிறத்தைப் பாருங்கள்: கூன்முதுகின் துடுப்புகளில் ஆரஞ்சு நிறம், மற்றதில் நீலச் சாயல். வளர்ந்த கூன்முதுகு மீனுக்குத் தலைக்குப் பின்னாலேயே முதுகு மேடாக எழும்பும்.

கேள்வி: ஆப்பிரிக்கக் கெளுத்தியை நம் கெளுத்தியிலிருந்து எப்படி அடையாளம் காண்பது? – வாசகர், திருச்சி

பதில்: மீசையை நம்பாதீர்கள், இரண்டுக்குமே எட்டு மீசைகள் உண்டு. முதுகைத் தடவிப் பாருங்கள். நம் கெளுத்திக்கு முதுகில் குட்டையான ஒரு துடுப்பும், அதன் முன்னால் ஒரு முள்ளும், வாலை நெருங்கும்போது சதைப்பற்றான இன்னொரு சிறு துடுப்பும் இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு முதுகுத் துடுப்பு ஏறக்குறைய வால்வரை ஒரே ஓட்டமாக நீளும். அதில் முள் கிடையாது, சதைத் துடுப்பும் கிடையாது. தலையோ தட்டையாக, எலும்புக் கவசம் போட்டதுபோல் இருக்கும். நம் கெளுத்தியின் பக்கவாட்டு முள் ரம்பம்போல் கையைக் கிழிக்கும் என்பதால், தூண்டில் முள்ளைக் கழற்றும்போது ஈரத்துணியால் பிடியுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு இந்தியாவில் தடை உண்டு; ஈரம் இருந்தால் நீருக்கு வெளியிலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் அது, கையில் கிடைத்ததையெல்லாம் தின்னும். உயிருள்ள இரையாகக்கூட அதன் குஞ்சை வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: ஒகேனக்கல்லுக்கு மேலே காட்டுப் பகுதியில் தூண்டில் போடலாமா? – வாசகர், ஓசூர்

பதில்: கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரியை ஒட்டிய காட்டின் பெரும்பகுதி 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. பிடித்துவிட்டு உடனே விட்டுவிடுகிறேன் என்ற விளக்கம் அங்கே எடுபடாது. எந்தக் கரை சரணாலயத்துக்குள் வருகிறது என்பதைப் பரிசல்துறையில் விசாரிப்பதைவிட, வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.