ஊர்க்கோழியின் பாதக் கட்டியில் சீழ் வராதது ஏன்?

ஏறாவூரில் நீங்கள் வளர்க்கிற ஊர்க்கோழியின் பாதத்தில் வந்திருக்கும் கட்டி பழுத்து உடையாது, மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். அமுக்கினால் சீழ் வராமல் ரப்பர் மாதிரி இருக்குது என்கிறீர்கள், கோழிக்குச் சீழே அப்படித்தான்.

கிருமி புகுந்தால் நம் உடம்பில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு ஓடிவரும், கோழியில் அந்த வேலைக்கு வருவது ஹெட்டரோஃபில். அதில் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி இல்லாததால் செத்த அணுக்கள் கரைந்து நீராகாமல் சீஸ்கட்டி போல மஞ்சளாய் இறுகிவிடும். நீங்கள் தண்ணீரில் கலந்து கொடுக்கிற மருந்தும் அதற்குள் சரியாக இறங்காது.

பெரும்பாலும் ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமிதான். ஏறாவூரில் இப்போது மாரி மழை என்றால் கூட்டுத் தரை ஈரத்தில் பாதத்தோல் ஊறி, சின்னக் கீறல் போதும் அந்தக் கிருமி உள்ளே நுழைய.

இன்றைக்கே கையுறை போட்டு, இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்துப் பாதத்தின் அடியைப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொருக்கு இருந்தால் இந்தச் சீழ்க்கட்டிதான். தரைக்குக் காய்ந்த உமி போடுங்கள், வயல் பக்கம் தாராளமாகக் கிடைக்குமே.

ஆனால் நீங்களே பிளேட்டால் வெட்டாதீர்கள். கணுக்காலும் வீங்கியிருந்தால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்றும் அவரிடமே கேளுங்கள்.